எழுதாமல் விட்ட கசப்புக் கிழங்கு

சுசித்ரா எழுதிய கட்டுரைகளிலேயே வீட்டுக்குச் சோறு போட்டது மரவள்ளிக்கிழங்கு அடைதான். மிளகு காயவைப்பது, சாமையில் கல் பொறுக்குவது என்று அவள் மாய்ந்து மாய்ந்து எழுதியதெல்லாம் ஒரு மாதம் ஓடிவிட்டுப் படுத்துக்கொண்டன. இதையோ, எழுதி வெகுநாளாகியும் யாராவது எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தார்கள். படிக்கிறவர்களைக் கணக்கு வைத்து அந்த இணையதளம் மாசாமாசம் பணம் போட்டுவிடும். வற்றாத கறவை மாடு என்பான் அவள் புருஷன் பொன்னன்.

அவன் அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. மலைமேல் திருப்புலி நாட்டில் அவர்களுக்கு இருந்த காடு அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதிக்கு வருஷாவருஷம் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவான். ஒருமுறை திரும்பி வந்தபோது பெற்ற மகளே "யாரும்மா இது?" என்று அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அடைப் பணம் வர ஆரம்பித்த பிறகுதான் மனுஷன் வீடு தங்கினான்.

பங்குனியில் அந்தக் கட்டுரைக்கு அடியில் ஒருத்தி எழுதியிருந்தாள். பெயர் அருணா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் வந்து தங்கியிருக்கிறவள்.

"அக்கா, மில்லுக்குப் போற லாரியில கிழங்கு வாங்கி, நீங்க எழுதுன மாதிரியே அடை சுட்டேன். பையன் வாந்தியெடுத்து மயங்கிட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பதான் வந்தோம். இப்ப நல்லாருக்கான். நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க."

சுசித்ரா அதைப் படித்துவிட்டுப் பொன்னனிடம் நீட்டினாள். மில்லுக் கிழங்கு கசப்பு ரகம். ஜவ்வரிசி செய்ய ஆகும்; விஷம் உள்ளதால் அடை சுட ஆகாது. மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி என்று அவள் எழுதாமலே விட்டிருந்தாள். சோறு தின்ன வாயைத் திறக்க வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா? ஆனால் கீழே இருக்கிறவளுக்கு எல்லாமே கிழங்குதானே.

அந்தத் தளத்தில் ஒரு புகார் போதும், எழுதுகிறவரின் கணக்கையே மூடிவிடுவார்கள். அருணா புகார் கொடுக்கவில்லை. தன்மேல் என்ன தப்பு என்று கேட்டாள்.

"முதல்ல அத எடுத்துப்போடு கண்ணு," என்றான் பொன்னன், ஒரு நொடிகூட யோசிக்காமல். "இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆகக்கூடாது. நான் கேரளாவுக்குப் போறேன்."

சுசித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒருத்தனைக் கொடுத்ததற்கு அறப்பளீஸ்வரருக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டாள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய்க் கட்டுரையைத் தளத்திலிருந்து எடுத்தாள். அங்கிருந்தே அருணாவிடம் நம்பர் கேட்டு வாங்கிக் கூப்பிட்டாள்.

"தப்பு உங்க மேல இல்லீங்க, எம்மேலதானுங்க. கசப்புக் கிழங்குன்னு ஒண்ணு இருக்கறதையே நான் எழுதலீங்க. மன்னிச்சிருங்க. அத எடுத்துட்டேனுங்க."

அந்தப் பக்கம் பையன் எதற்கோ சிணுங்குவது கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் சுசித்ராவுக்கு மூச்சே வந்தது.

"ஏங்க்கா எடுத்தீங்க?" என்றாள் அருணா. "இங்க வேலை செய்யிறவங்க பூரா வெளியூரு. எல்லாரும் அந்த லாரியிலதான் கிழங்கு வாங்குறாங்க. இனிமே அவங்களுக்கு யாரு சொல்லுவா? எம்புள்ளைக்கு வந்ததையும் சேத்து எழுதித் திருப்பிப் போடுங்க."

அருணா சொல்லச் சொல்லக் கேட்டு, சுசித்ரா அன்றைக்கே எழுதினாள். பையனுக்கு வந்த மயக்கம் தலைப்புக்குக் கீழேயே வந்தது. எந்தக் கிழங்கு ஆகும், எது ஆகாது என்பது அடுத்தது. அடை கடைசிக்குப் போயிற்று. எழுதியவர் பெயர் இருக்கிற இடத்தில் சுசித்ரா, அருணா என்று இரண்டும் போட்டாள்.

சித்திரையில் பணம் எப்போதும்போல வந்து சேர்ந்தது. கேரளாவுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்த பொன்னன், ஃபோனில் இரண்டு பெயரையும் பார்த்துச் சீண்டினான்.

"அப்பப் பணத்துல பாதி அவங்களுக்கா?"

"பாதி அனுப்பியாச்சுங்க," என்றாள் சுசித்ரா. "மீதிப் பாதியும் அவங்க குடுத்ததுதானுங்க."