கோலா நனைத்த விசைப்பலகை

எழுபதுகளின் கடைசி. அமெரிக்காவில், சன்னிவேல் ஊரில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில் முக்கியமான முடிவெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர் குடிக்கும்போதுதான். யார் அதிகம் சிரிக்க வைத்தாரோ அவர் பக்கமே தீர்ப்பு.

வீடுகளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் செய்ய இறங்கியிருந்தார்கள். அங்கே இன்ஜினியராக இருந்த வெண்டல் ராத்திரி பகலாக உட்கார்ந்து, நிஜமான பொத்தான்கள் வைத்த விசைப்பலகை ஒன்றைக் கையாலேயே செய்திருந்தான். காரணம் அவன் மனைவி லொரேன். கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறவள். ஓர் எழுத்து பிசகினால் பக்கம் முழுவதும் மறுபடி. "இனிமே திரையிலேயே திருத்திக்கலாம், பாரு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

முதலாளி ரஸ்ஸுக்கோ பொத்தானே இல்லாமல், எழுத்துகளை மேலே அச்சடித்த வழவழப்பான தட்டைப் பலகைதான் வேண்டும்.

"பசங்க ஜாம் கையோட தொடுவாங்கப்பா!" என்றவர், கையிலிருந்த கோலாவை மேஜைமேல் வைத்திருந்த இரண்டு மாதிரிப் பலகைகளின் மேலும் கவிழ்த்தார். தட்டைப் பலகையைத் துடைத்தார், வேலை செய்தது. வெண்டலுடையது 'சர்ர்' என்று புகைந்து செத்தது. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"என்ன வெண்டல், ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் என்று பேர் வாங்க அவனுக்குத் தைரியமில்லை. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். "நீங்க சொன்னா சரிதான், ரஸ்."

மறு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் தட்டைப் பலகையோடு கடைக்கு வந்தது. வெண்டல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனான். லொரேன் ஆசையாக உட்கார்ந்து வழக்கமான வேகத்தில் அடித்தாள். பாதி எழுத்துகள் திரைக்கு வரவே இல்லை. ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலால் குத்திப் பார்த்தாள். நாலு வரிக்குள் விரல் நோவெடுத்துவிட்டது.

"இந்தப் பலகைய வச்சவன் ஜென்மத்துல ஒரு பக்கமாவது டைப் அடிச்சிருப்பானா? நீ அங்கதானே இருந்த, ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன்" என்றான் வெண்டல். "யாரும் காதுல வாங்கல."

அவள் அப்படியே நம்பிவிட்டாள். எழுந்து வந்து அவன் தலையைக் கோதிவிட்டாள். "பாவம்டா நீ. தனியா எவ்வளவு போராடியிருப்ப."

அந்தக் கைக்கு அடியில் அவன் கூனிக் குறுகிப்போனான். அவள் பழைய டைப்ரைட்டரை மேஜைக்கு இழுத்து, முதல் பக்கத்தை மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.