சிவப்பு நூல் கட்டிய போத்தல்

பாய்க்கப்பலில் ஓடிப் புயலையே கண்டவர் தம்பிஐயா. ஆனால் டொக்டரின் ஊசியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சலரோகம் என்கிற சீனி வியாதி பிடித்து மூன்று மாதம். இந்த முறையும் சீனி குறையாவிட்டால் தினமும் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அது 1974. சீனிக்குத் தட்டுப்பாடு. நெல்லியடியில் எல்லா வீட்டிலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணீர். மனைவி இரத்தினம்மா அவர் கையில் இருக்கும் துண்டைப் பறித்துவிடுவாள். பறித்ததை வீணாக்க மனம் வராமல் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவர் விடுவாரா? அரிசிப் பானைக்குள் ஓர் ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டியை ஒளித்து வைத்திருந்தார். அது கெதியாகக் குறைவதைப் பார்த்துத் தன் நாக்கைத் தானே திட்டிக்கொள்வார்.

டொக்டரிடம் போவதற்கு முதல்நாள் காலை மகள் குணலட்சுமி சிறுநீர் பிடிக்க இரண்டு போத்தல்களை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள்.

"சலத்தைச் சோதிச்சுப் பாப்பம். அம்மான்ரையும் இருந்தால்தான், சுகமான ஆளின்ரை எப்பிடி இருக்குமெண்டு ஐயாவுக்கு விளங்கும்."

ஐயாவின் போத்தலுக்குச் சிவப்பு நூல், அம்மாவினதுக்கு வெள்ளை. முந்தின நாள் களவாகத் தின்ற இரண்டு துண்டும் தம்பிஐயாவின் நெஞ்சுக்குள் நின்றன. இரண்டு போத்தலும் நிறைந்த பிறகு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நூல்களை மாற்றிக் கட்டிவிட்டார். இரத்தினம்மா தும்மல்கூட வராத மனுசி, அவளின் போத்தல் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினார்.

குணலட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நீலக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடாக்கினாள். சீனி கொஞ்சமென்றால் பச்சை, கூடவென்றால் செங்கல் நிறம். வெள்ளை நூல் போத்தலினது இலேசான பச்சை காட்டியது. சிவப்பு நூல் போத்தலினது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

"ஐயா! இவ்வளவு சீனியோ? இனி ஊசிதான்!"

"கண்ணுக்குள்ளை எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தனே," என்று இரத்தினம்மா அழத் தொடங்கினாள்.

சும்மா இருந்திருந்தால் அந்தப் பச்சைக்கு நல்ல பெயர் எடுத்திருக்கலாம் என்றுதான் தம்பிஐயாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகுதான் அந்தச் செங்கல் நிறம் யாருடையது என்று உறைத்தது. கொஞ்ச நாளாக அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கும் இரண்டு பேரின் பங்கையும் தின்பாள். ஊசிப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"பிள்ளை, நூலை மாத்தினது நான்தான். உந்தச் செங்கல் நிறம் கொம்மான்ரை."

இரத்தினம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"என்னை ஏசும், அடியும்," என்றார் அவர். "நாளைக்கு நீரும் டொக்டரிட்டை வாரும். உமக்கு ஒண்டெண்டால் நான் என்ன செய்யிறது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாறன். முதல்லை அந்த அரிசிப் பானைக்குள்ளை இருக்கிற குட்டானை எடுத்துப் பிள்ளையிட்டைக் குடுங்கோ."

தம்பிஐயா திகைத்துப்போனார். "அது உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நாளுக்கு மூண்டுதரம் அரிசிப் பானையைத் திறக்கிறது ஆர்?" என்றவள், மகளின் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள். "அதிலை பாதி நான்தான் திண்டனான்."