எல்லம்மா குடிசையைச் சுற்றிய முளைகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சும்மா வேடிக்கை பார்ப்பதும் ஒரு உத்தியோகமாகிவிட்டது. முன்பெல்லாம் ஆற்றுக்கு வருகிறவன் குளிக்க வருவான், ஊற்றுத் தோண்ட வருவான், இல்லாவிட்டால் பிணம் எரிக்க வருவான். இப்போது சட்டை போட்டவனெல்லாம் கரையில் நின்று மணலை முறைக்கிறான். காரணமில்லாமல் வருகிறவனை நம்பவே கூடாது என்பது சின்னசாமிக் கிழவரின் கட்சி.

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்துத் தானியேல் வாத்தியார் ஆனி மாதத்தில் இருபது பையன்களோடு வந்தபோது பாலாறு காய்ந்து கிடந்தது. ஆறு வளைகிற இடத்தில், கரைமேல், கிழவரின் கத்தரித் தோட்டம். அரைக் காணி. அதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. பையன்கள் மணலைக் காகிதத்தில் மடித்தார்கள், கூழாங்கல்லை நூல் போட்டு அளந்தார்கள், வளைவைப் படம் வரைந்தார்கள். கடைசியில் தோட்டத்துக்குள்ளேயே வந்து, சிவப்புச் சாயம் பூசிய பன்னிரண்டு சவுக்கு முளைகளை வரிசையாக அடித்தார்கள்.

வளைவின் வெளிப்பக்கக் கரையை ஆறு தின்னும், உள்பக்கம் மணலைக் கொட்டும், வெள்ளம் வடிந்ததும் வந்து எத்தனை அடி போயிற்று என்று அளப்போம் என்று வாத்தியார் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அளந்து இன்னா பண்ணுவே?"

"தெரிஞ்சுக்குவோம், பெரியவரே."

"தெரிஞ்சு?"

வாத்தியார் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கிழவர் நம்பவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கீழ்க்கரையிலும் இதே சிவப்பு முளைதான் வந்தது. ஆறு மாதத்தில் அங்கே தோல் பதனிடும் டேனரி எழும்பிவிட்டது. தன் வீட்டைத் தானே பிரித்துக்கொண்டவனுக்கு மூங்கிலும் கதவும் மிஞ்சின. அழுதுகொண்டு நின்றவனுக்கு அதுவும் இல்லை. அன்று முதல் அந்தக் கரையில் ஒரு வழக்கம்: சிவப்பு முளை வந்தால் எவனையும் கேட்காமல் வீட்டைப் பிரித்துவிடுவது.

மறுநாள் உச்சி வெயிலில், எல்லோரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கிழவர் பன்னிரண்டு முளைகளையும் பிடுங்கினார். கரையை விட்டு நூறு கஜம் உள்ளே தள்ளி, எல்லம்மாவின் குடிசையைச் சுற்றி அடித்தார். எவன் இடமாவது போகத்தான் போகிறது. எல்லம்மா புருஷனில்லாதவள், கேட்க நாதியில்லை. டேனரியில் ஆவாரம்பட்டை இடித்துப் பிழைக்கிறவள், இரண்டு ஆடு வைத்திருக்கிறாள். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் அவள் வந்து முளைகளைப் பார்த்துவிட்டு நேராக அவரிடம்தான் ஓடி வந்தாள்.

"உன் தோட்டத்துல நட்டாங்கன்னு சொன்னாங்களே அண்ணா?"

"மாத்திட்டாங்க. வீட்டைப் பிரிச்சுடும்மா, மூங்கிலாவது மிஞ்சும்."

கூரைக் கயிற்றை அவிழ்க்க அவரே கூட நின்றார். அவள் ஊற்றிய கூழையும் குடித்தார். இனி எங்கே போவது என்று அவள் கேட்டதற்கு, எதிர்ப்பக்கம் ஆற்றுக்குள் இருந்த மணல் மேட்டைக் காட்டினார். மணலில் எவன் முளை அடிப்பான் என்றார். அவளுக்கும் அது சரியாகப் பட்டது.

ஐப்பசியில் ஒரு காலைப்பொழுது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை, மைசூர்ச் சீமையில் பெய்த மழை ஆறாக வந்து இறங்கியது. எல்லம்மா ஒரு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தாள். சினையாக இருந்த இன்னொரு ஆடு, மூங்கில், கதவு, சட்டி பானை எல்லாம் அவள் கண்ணெதிரே உருண்டு போயின. அதே வெள்ளம் கிழவரின் தோட்டத்தில் பாதியை அறுத்துக்கொண்டு போனது. குடிசை இருந்த பழைய இடத்தில் மட்டும் ஈரம்கூட ஏறவில்லை.

வெள்ளம் வடிந்ததும் வாத்தியார் நாடாவோடு வந்தார். முளைகளோ ஒரு வெறுந்தரையைச் சுற்றி நின்றன.

"சார், முளைக்குக் கால் மொளச்சு நடந்துடுச்சு" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. நாலு மாத வேலையும் பாழ் என்று கத்தினார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவளை அவர் பார்க்கவே இல்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"இது எடத்தை எடுக்க நட்டது இல்லியா, சாமி?"

"எடமா? ஆத்தை அளக்க நட்டதும்மா. அதுவும் இங்க இல்ல, அவர் தோட்டத்துல."

எல்லம்மா கிழவர் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"கயித்தைக் கூட நீதானே அண்ணா அவுத்தே."

ஒரு பையனும் சிரிக்கவில்லை. கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னிக்கு ஆத்தை அளக்க வந்தேன்னுதான் சொல்லுவான். நாளைக்கு இங்கயே ஷெட்டு போடுவான். அப்பத் தெரியும் உனக்கு."

"வெள்ளத்துக்கு முன்னாடி கரை எங்க இருந்துச்சுன்னாவது காட்டுங்க, பெரியவரே. மீதியை அளந்துக்கிறோம்" என்றார் வாத்தியார்.

கிழவர் காட்டவில்லை. இருபது பையன்களை வெயிலில் மூணு மைல் நடத்திக்கொண்டு வருகிறவன் ஒன்றும் இல்லாமலா வருவான்? இடிந்த கரையோரம், வேர் வெளியே தொங்கும் கத்தரிச் செடிகளைத் தாண்டி, அவர் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.