கணக்கு டீச்சர் கணவரின் அசல் பாகங்கள்

கைக்கடிகாரத்துக்குப் புதுக் கண்ணாடி போட்ட அன்று மாலை கணக்கு டீச்சரின் கணவருக்குக் கண்புரை மறைந்துபோனது. கண் மருத்துவர் இரண்டு முறை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குக் குறித்திருந்த தேதியை வேறொருவருக்குக் கொடுத்தார். கல்யாணத்தன்று டீச்சரின் அப்பா மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்ட கடிகாரம் அது. முப்பத்தாறு வருடமாகக் குளிக்கும் நேரம் தவிர மணிக்கட்டை விட்டு இறங்கியதில்லை என்பதால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ருசி கண்ட பூனை உறி உறியாய்த் தாவுமாம். அடுத்த மாதம் அவர் முகப்பை மாற்றினார். முகச்சுருக்கமெல்லாம் வழித்தெடுத்த மாதிரி போயிற்று. முட்களை மாற்றியதில் மீசை கறுத்தது. ஸ்பிரிங்கை மாற்றியதும் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். கடைசியாக உள்ளே ஆடுகிற சக்கரத்தையும் மாற்ற, அதோடு குறட்டை நின்றது, கோபமும் நின்றது. குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டுப் போய், கால் மணி நேரத்தில் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து உட்காருகிற மனிதர், இப்போது எதைப் போட்டாலும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். கட்டின பெண்டாட்டிக்கு 'ங்க' போட்டார். "உங்களுக்கு யோகம்தான் டீச்சர்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் வயிறெரிந்தாள். டீச்சர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்கு அவளுடைய புருஷன் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பாகங்களைக் கேட்டு வாட்ச் கடைக்குப் போனாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சாரைக் கேட்டேன் டீச்சர், குப்பையில போடச் சொல்லிட்டாரு. நல்ல சாமான், மனசு வரல. வேற வேற வாட்ச்சுல போட்டுட்டேன்."

சக்கரம் அடுத்த தெரு வக்கீலின் கடிகாரத்தில் இருந்தது. பூனை மாதிரி இருந்தவர் இப்போது நீதிமன்றத்தில் கர்ஜித்தார். அவர் மனைவி காதில் பஞ்சு வைத்துத் தூங்கினாள். சக்கரத்தைத் திருப்பித் தர முடியாது, கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் மேசையைக் குத்திச் சொன்னார். அது டீச்சருடைய புருஷனின் கோபம். அன்றே பெட்டியைக் கட்டினாள். முன்பின் தெரியாத ஆணோடு ஒரே வீட்டில் இருப்பது முறையல்ல, அக்கா வீட்டோடு போய்விடுவது என்று முடிவு.

கணவருக்கோ வேறு கவலை. கடிகாரம் பழசு, இப்போது புத்தம் புதுசாகவும் இருக்கிறது, இரட்டை விலை போகும் என்று கணக்குப் போட்டிருந்தார். பழைய கடிகாரங்களுக்கு மதிப்புப் போடுகிற அம்மாளிடம் போக, டீச்சரைத் துணைக்கு வரச் சொன்னார். பஸ் நிறுத்தம் அங்கேதான் என்பதால் டீச்சர் பெட்டியோடு போனாள்.

அந்த அம்மாள் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தைத் திறந்தாள். "கண்ணாடி, முகப்பு, முள்ளு, ஸ்பிரிங், வீலு... எல்லாமே மாத்தினது. நல்லாத்தான் ஓடுது சார். ஆனா இது அந்த வாட்ச் இல்ல. கீறலும் மங்கலுமா அப்படியே கொண்டாந்திருந்தா பத்து மடங்கு போயிருக்கும்."

"இதத்தான் நான் மூணு மாசமா சொல்றேன்" என்றாள் டீச்சர்.

அம்மாள் கடிகாரத்தைப் புரட்டினாள். "பின்மூடி மட்டும் அசல். தோலோட ஒரசி ஒரசி எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. இதையாவது விட்டு வைங்க."

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் கடிகாரத்தை வாங்கிப் பின்மூடியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, திரும்பி நின்னு சட்டையக் கொஞ்சம் தூக்குங்க."

நாலு பேர் பார்க்க அவர் தூக்கினார். அஞ்சலக வேலையில் நாற்காலியில் உட்கார்ந்தே கூன் விழுந்த முதுகு. தோள்பட்டைக்கு அடியில் கை எட்டாத இடத்தில் மச்சம், அதைச் சுற்றித் தேமல். டீச்சர் கையை வைத்தாள்.

"மேல" என்றது முதுகு. "மேலன்னா மேலடி! ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு?"

பஸ் வந்து, நின்று, போனது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தாள். அன்று முதல் அந்த வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் தொடங்குகிறது.