முட்டுச்சந்து

வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைக்க ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். அக்கா அதில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தாள். மருந்து, ஊசி என்றால் தடையில்லாமல் பேசுவாள். தன்னைப் பற்றிக் கேட்டால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"கஷ்டமா இருந்துச்சுன்னு மொட்டையா சொல்லாதக்கா," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் தங்கை. "செங்கல் சுவத்துல முட்டிக்கிட்டேன்னு சொல்லு. சேத்துல சக்கரம் சுத்துச்சுன்னு சொல்லு. இங்கிலீஷ்ல அப்படித்தான். அதுக்குத்தான் மார்க்கு."

"நாம முட்டுச்சந்துங்கிறோம். அவங்களுக்குச் சுவரா?"

"சந்துன்னா திரும்பியாவது வரலாம்!" தங்கை சிரித்தாள். அக்கா உதட்டை மட்டும் அசைத்தாள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த அப்பாவுக்குக் குழாயில் பால் ஊற்றும்போதும் அந்த வாக்கியங்களையே முணுமுணுத்தாள். அப்பா கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

தேர்வு அறையில் ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, எதிரே கனிவான முகத்துடன் ஓர் அம்மாள்.

"மேற்கொண்டு நகர முடியாமல் போன ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்."

பழகிய கேள்விதான். சுவரும் சேறும் தொண்டைவரை வந்து நின்றன. அக்கா வேறு எதையோ ஆங்கிலத்தில் சொன்னாள்:

"அப்பா குளியலறையில் விழுந்தார். நான் மருத்துவமனையில் வேறு யாருடைய அப்பாவையோ பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இவரை நான்தான் துடைத்துவிடுகிறேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது."

"ம்... அப்புறம்?"

"அவ்வளவுதான்."

நேரம் மிச்சமிருந்தது. கருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, தேர்வு விதி நினைவுக்கு வந்தவளாகப் பென்சிலைப் பார்த்தாள்.

அக்கா வார்டில் வேலையில் இருக்கும்போது தேர்வு முடிவு போனில் வந்தது. அரை மதிப்பெண் குறைவு. அக்கா போனைப் பையில் போட்டுவிட்டு, தீர்ந்திருந்த டிரிப்ஸ் பாட்டிலை மாற்றப் போனாள்.

வீட்டில் தங்கைதான் அழுதாள். "நான் சொல்லிக்குடுத்ததுல ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா போதுமேக்கா! ஞாபகம் வரலையா?"

"எல்லாம் வந்துச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். "தெரியலைடி. அப்படிச் சொன்னா, என்னிக்கோ நடந்து முடிஞ்சுபோன கதை மாதிரி இருந்திருக்கும்." பிறகு கட்டிலருகே போனாள். "அப்பாவத் திருப்பிப் படுக்க வைக்கணும். காலைப் பிடி."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். அப்பா கனத்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

"மறுபடியும் பரீட்சைக்குப் போவியாக்கா?"

அக்கா அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தேதி போட்டிருக்காங்களான்னு பாரு."