வண்டிவீட்டில் எறும்பு

வண்டியின் இரும்புப் படியில் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன, கறுப்பாக, பொடியாக, கடிக்கத் தெரியாத பிள்ளையார் எறும்புகள், மழையில் ஊறித் துருவேறிய படியின் விளிம்பைப் பிடித்து, கதவுக்கடியில் கிழிந்து தொங்கும் ரப்பருக்குள் நுழைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன, கலாமணி கையில் துடைப்பத்தோடு நின்று அவற்றையே பார்த்தாள், துடைப்பத்தைத் தூக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று போகின்றன இவை, அடுப்பு எரிந்து வருஷக்கணக்காகிவிட்ட வீட்டில், யாரும் படுக்காத படுக்கையில், துடைக்க ஆளில்லாத தரையில். பக்கத்துக் காலி மனைக்காரர் வீடு கட்டப் போகிறாராம், தாந்தோணிமலையில் இப்போது எங்கே இடம் சும்மா கிடக்கிறது, வண்டியை எடுத்துவிட்டால் நல்லது என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார், அதனால்தான் இன்று இந்தக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் அது பாட்டுக்கு நின்றிருக்கும், கரையான் பின்சக்கரத்தில் புற்று வைத்துக்கொண்டு, இவளும் சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்திருப்பாள். அவள் கணவர் மோகனசுந்தரம் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகிப் பார்த்தார், திரும்பவில்லை, தேங்காய் எண்ணெய் விட்டார், மறுபடி திருகினார், அவருடைய இன்னொரு கையில் பூச்சிமருந்து டப்பா இருந்தது, சட்டைப்பையில் எறும்புச் சாக்பீஸ் இருந்தது, அது எப்போதும் இருக்கும்.

இந்தப் பூட்டை மாட்டியவர் அவர்தான், கதவை அடித்ததும் அவர்தான், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர், ஏதோ ஒரு கல்லூரியில் கழித்துப்போட்ட மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது இவளுக்குக் கோபம்தான் வந்தது, மகள் நித்திலாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை, அப்பா இது நம்ம வீடாங்ப்பா, வீடு ஓடுமாங்ப்பா என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடி ஓடி வருகிறாள், ஞாயிறு தவறாமல் அப்பாவுக்கு ஸ்குரூ எடுத்துக் கொடுக்கிறாள், சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு மேலே ஒன்று கீழே ஒன்றாகக் கட்டில், ஓரமாக ஒற்றை அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் ஒருவர் உட்கார மட்டும் இடமுள்ள கக்கூஸ், ஜன்னலுக்கெல்லாம் கலாமணியின் பழைய சேலையில் திரை. மேல்கட்டில் எனக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள் ஒன்பது வயதுக்காரி, கடலைப் பார்க்காத பிள்ளை, கடற்கரையோடு போய்க் கன்னியாகுமரியில் முடிப்பது என்று அப்பாவும் மகளும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள், கோடை விடுமுறை விட்டதும் கிளம்பினார்கள். திருச்சி தாண்டிச் சோறு வைத்தபோதே தகரப் பொருத்துகளிலிருந்து கரப்பான்கள் வெளியே வந்தன, பஸ்ஸாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே குடியிருந்தவை, போரிக் பவுடரை மாவில் பிசைந்து உருட்டி மூலைக்கு மூலை வைத்தார் அவர், அது அடங்குவதற்குள் மூட்டைப்பூச்சி, யாரோ விற்ற ஸ்பாஞ்சு மெத்தையோடு வந்தது, கோடியக்கரை மணலில் மெத்தைகளை விரித்து உச்சிவெயிலில் காயப்போட்டுக் கம்பால் அடிக்கிறார்கள் மூன்று பேரும், நித்திலா கண்டக்டர் மாதிரி வாயால் விசில் அடித்து, டிக்கெட் எடுக்காதவங்கெல்லாம் எறங்குங்க, எறங்குங்க என்று கத்துகிறாள், பின்னால் கடல் இரைகிறது, கலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அப்படிச் சிரித்தது அவள்தானா, அந்தச் சேலை கட்டியிருந்தவள் வேறு யாரோவா.

அதற்கப்புறம்தான் எறும்பு வந்தது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்தின் வழியே ஏறிவிடும், சக்கரங்களைச் சுற்றிச் சாம்பல் போட்டார், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார், இவள் மஞ்சள்தூள் தூவினாள், வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்தாள், சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே நிறுத்திவைத்தாள், வேடிக்கை என்னவென்றால் சர்க்கரையை ஓர் எறும்புகூடத் தேடிப்போகவில்லை, எல்லாம் நேராகக் கக்கூஸுக்குத்தான் போயின, அங்கிருந்து மேல்கட்டிலுக்கு. பிள்ளை இத்தனை வயதுக்கு மேல் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தாள், புது இடம், பயம் என்று நினைத்தார்கள், காலையில் பார்த்தால் மெத்தையில் கறுப்பாக மொய்த்திருக்கும், கழற்றிப்போட்ட ஜட்டியில் மொய்த்திருக்கும், கலாமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மிட்டாயை எங்கேயோ ஒளித்துவைத்துத் தின்கிறாள் இவள், பையைக் கொட்டிப் பார்த்தாள், தலையணை உறையைத் திருப்பி உதறினாள், கிளிஞ்சல்கள்தான் விழுந்தன. நான் ஒண்ணும் ஒளிச்சு வெக்கலீங்மா, என்றாள் நித்திலா. அப்ப எறும்பு எதுக்குடி உன்னையே சுத்துது, என்று கேட்டு முதுகில் ஓர் அடி வைத்தாள், பலமாக இல்லை, ஆனால் வைத்தாள், கவுன் தொளதொளவென்று இருந்தது, கைக்கு எலும்பு தட்டியது, உயரமாகிறாள் அதனால் மெலிகிறாள் என்றுதான் அப்போதும் மனசு சொன்னது. பிள்ளை அன்றிலிருந்து தன் துணியைத் தானே அலசினாள், யாரும் பார்ப்பதற்கு முன்னால் மெத்தையிலிருந்த எறும்புகளை உள்ளங்கையால் கூட்டித் தள்ளினாள், ஒன்றையும் நசுக்காமல். அந்த வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை, ஆனால் அவள் சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்த கையோடு கக்கூஸுக்கு ஓடினாள், கீழே இருக்கும் தொட்டி நிரம்பி நிரம்பி நாறுகிறது, எறும்பு வேறு, கலாமணிக்குப் பொறுக்கவில்லை, தண்ணி குடிக்கிறதக் கொஞ்சம் கொறைச்சுக்கடி, என்றாள், அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை, குறைத்துக்கொண்டாள், உதட்டை நாக்கால் தடவியபடி ஜன்னலோரம் உட்கார்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் கடலைக் காட்டிட்டு வர்றேன் என்று மோகனசுந்தரம் மகளைக் கூட்டிக்கொண்டு போவார், அது இவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை, தொண்டியில் அப்படிப் போய்த் திரும்பியபோது படியேறின பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள், மூடிய வாய்க்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பில் வாய் திறந்துகொண்டது, நாக்கெல்லாம் சாயம், கலர் சோடா. அவர் பின்னால் நின்று எங்கோ பார்த்தார். கலாமணியும் பார்க்காதவள்போல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், திட்டி அழவைத்த பிள்ளை இப்போதாவது சிரிக்கட்டும் என்று இருந்தது. அதன் பிறகு சோடாவும் கரும்புச்சாறும் எந்தெந்த ஊரில் குடித்தார்களோ, அவள் கேட்டதில்லை. பிறகு ஒருநாள் காலையிலிருந்து வாந்தி, என்ன தின்றாளோ என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், வண்டிக்குள் பழம் அழுகின வாசம் வந்தது, கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாசம், இதைத் தேடித்தான் எறும்பு வந்திருக்கிறது என்று இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து, பலகைகளை நெம்பி, பெட்டிகளை இழுத்துத் தேடினார்கள், பழம் எங்கும் இல்லை, கலாமணி களைத்துப்போய் மகளின் பக்கத்தில் வந்து குனிந்தாள், அந்த வாசம் நித்திலாவின் மூச்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூச்சு ஆழமாக, மலையேறுகிறவள் மூச்சுபோல. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பாத்திரங்கள் உருண்டுகொண்டே இருந்தன, திரைகள் படபடவென்று அடித்துக்கொண்டன, ஓடுகிற அந்த வீட்டின் தரையில் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் புறங்கையில் ஊர்ந்தது ஓர் எறும்பு, மகளுடைய காலிலிருந்து வந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, சர்க்கரை என்றாள், குழந்தைங்களுக்கும் வரும்மா, திடீர்னு வரும் என்றாள், பாப்பா யூரின் போற எடத்துல எறும்பு மொய்ச்சுதாம்மா, என்று கேட்டாள். கலாமணி தலையை அசைத்தாள். கடைசி ரெண்டு மூணு நாளா என்ன குடிச்சா, ஸ்வீட்டா எதாச்சும், என்று அடுத்த கேள்வி வந்தபோது வாசலைப் பார்த்தாள், அவர் வண்டியை ஓரம்கட்டப் போயிருந்தார், வெறும் தண்ணிதானுங்க, என்றாள். அவர்கள் செய்வதையெல்லாம் செய்தார்கள், ஊசி, குழாய், இன்னும் பெரிய ஊசி, மறுநாள் வெயில் ஏறும்போது பிள்ளையின் மூச்சு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது.

கரூருக்கு ஆம்புலன்ஸில் வந்தார்கள், வண்டியைப் பிறகு யாரோ ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் விட்டார்கள். நித்திலா போன பிறகு மோகனசுந்தரத்துக்கு எறும்பு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது, சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் போகும் வரிசையை விரலால் தேய்ப்பார், பட்டறையில் வெல்டிங்கை நிறுத்திவிட்டுத் தரையில் கோடு கிழிப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொன்னார்கள், கல்யாண வீட்டில்கூடச் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஒரு தடவைகூட மகளைப் பற்றிப் பேசவில்லை, கரும்புச்சாறு வண்டியைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார், இவள் அதைக் கவனித்தாள், கவனித்ததைச் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் இவளுக்குத் தெரியும் என்று. அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒன்றையே இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு, நடுவில் சாம்பார் வைத்து, சோறு வைத்து, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வைத்து.

பூட்டு திறந்துகொண்டது. உள்ளே மண்வாசம், சேலைத் திரைகள் நைந்து நூலாகத் தொங்கின, அடுப்புப் பலகையைக் கரையான் தின்று தீர்த்திருந்தது, தொட்டதும் மாவாக உதிர்ந்தது, மினுமினுவென்று அந்துப்பூச்சிகள் எழும்பின, ஒரு குளவி மண்கூடு கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தது கக்கூஸ் கதவின் மேல், வண்டியையே பூச்சிகள் எடுத்துக்கொண்டிருந்தன. எறும்பு வரிசை தரையைக் கடந்து மேல்கட்டிலின் காலில் ஏறியது, ஏறி மெத்தையின் கிழிசலுக்குள் போனது, வெள்ளையாக முட்டைகளைச் சுமந்துகொண்டு, அவ்வளவுதான், மழைக்கு இடம் பார்த்திருக்கின்றன, குஞ்சுகளுக்கு. மோகனசுந்தரம் மருந்து டப்பாவை உயர்த்தினார், அழுத்தினார், கொஞ்சம் புகையாக வந்தது, இன்னும் அழுத்தப் போனார், கலாமணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரியுமுங்க, என்றாள். தொண்டியில நீங்க அவளக் கூட்டீட்டுப் போயி வாங்கிக் குடுத்தது தெரியுமுங்க, நாக்கப் பார்த்தேன், ஒண்ணும் சொல்லாம இருந்தேன். டப்பா அவர் கையிலேயே இருந்தது. நான் குடிக்காதேன்னு சொன்னேனுங்க, என்றாள் கலாமணி, அவ தாகத்துக்கு நீங்கதான் குடுத்தீங்க. இதைச் சொல்லலாம் என்று அவள் எண்ணி வைத்திருக்கவில்லை, சொன்ன பிறகுதான் இதுதான் நடந்தது என்று அவளுக்கே தெரிந்தது, மருந்தும் சர்க்கரைக் கணக்கும் டாக்டர்களுடையவை, தாகம் பிள்ளையுடையது.

அவர் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தார், பலகை நெரிந்தது, மேல்கட்டில் தலையில் இடிக்காமல் குனிந்து உட்கார வேண்டியிருந்தது, தான் அளந்து கட்டிய கட்டிலில், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், அழுகிற சத்தம் பட்டறையில் தகரம் கிழிவதுபோல வந்தது. கலாமணி பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் முழங்கையைத் தொட்டபடி, வெளியே வேம்பில் காக்கைகள் கரைந்தன, அவர்கள் செருப்புகளைச் சுற்றிக்கொண்டு எறும்புகள் போயின, அவற்றுக்கு வழியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நித்திலா போன பிறகு முதல் தடவையாக அவர் மகளைப் பற்றிக் கேட்டார், முகத்திலிருந்து கையை எடுக்காமலே, மூக்கடைத்த குரலில். அன்னைக்கு அவதான் ரெண்டு மூணு பாட்டிலக் கையில எடுத்து எடுத்துப் பார்த்தா, எதக் குடிச்சான்னு எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது கலா, நாக்கு என்ன கலர்ல இருந்துச்சு.

பச்சை, என்றாள் கலாமணி, நல்ல பச்சைங்க, கிளிப்பச்சை.