ஒரு சாண் மடிப்பு

அன்று காலை அந்த முன்னறையில் இருந்தவர்கள்: தையல்காரி; தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் கணவன், லாரி ஓட்டுகிறவன்; லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் தம்பி; காதில் விழுந்ததைத் தெருவுக்கே ஒலிபரப்பி ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியிருந்த அவள் நாத்தனார்; பிறகு, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற மோட்டார் தையல் மெஷின். மெஷினையும் ஆள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அதைக் காரணம் காட்டித்தான் எல்லோரும் அவர்களுக்கு வீடு தர மாட்டேன் என்றார்கள்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். போய்ப் பார்த்த இடமெல்லாம் ‘மெஷின் சத்தம் ஆகாது’ என்று ஒரே பல்லவி. மிஞ்சியது ஊருக்கு வெளியே ஒரு வீடு. அங்கே எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். தைக்கக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது. அவளுடைய பிழைப்பு முழுக்க இந்த ஒரு தெருவில் இருந்தது.

பக்கத்து வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. தனிப் படி, தனி வாசல். கீழே புதிதாக வந்திருந்த மனிதர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரா, அவரும் வாடகைக்காரரா என்பதுதான் பிடிபடவில்லை.

“போய்க் கேட்டா ஆச்சு,” என்றான் தம்பி.

“கேப்பே. அவரும் வாடகைன்னா? அவரு பொண்டாட்டியோட தம்பிக்கு வீடு தேடறாங்களாம். நீ போய் வாயைத் தொறந்தீன்னா உஷாராகி, ஓனர்கிட்ட அவங்க முந்திக்குவாங்க,” என்றாள் ரேடியோ. “தூங்கறவனைத் தட்டி எழுப்பி இலையில உக்கார வெச்ச கதையா ஆயிடும்.”

“வாடகைதான்,” என்றான் கணவன். “வாசல் பைப்பு ஒழுகுது. துணியைச் சுத்தி வெச்சிருக்காரு. சொந்தக்காரன்னா மாத்தியிருக்க மாட்டானா?”

“சொந்தக்காரன்தான் மாமா துணி சுத்துவான். வாடகைக்காரன் ஓனருக்குப் போன் மேல போன் போட்டு உசுரை எடுப்பான். நீங்க எடுக்கலையா?”

கணவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரரேதான். கையில் ஒரு துணிக்கட்டு.

நான்கு வாயும் ஒன்றாக மூடிக்கொண்டன.

“ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைக்கணும்மா,” என்றார் அவர்.

தையல்காரி கட்டை வாங்கிக்கொண்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. சொந்த வீட்டுக்காரன் ஜன்னலை அளந்து, மிச்சத் துணியை வெட்டித் தலையணை உறை தைக்கச் சொல்வான். வாடகைக்காரன் ஒரு முழம் துணியையும் வெட்ட விட மாட்டான். அடுத்த வீட்டு ஜன்னல் எத்தனை உயரமோ, யார் கண்டது? மிச்சத்தை அடியில் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வான். இத்தனை வருஷத் தொழிலில் இது அவளுக்குப் பொய்த்ததே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது.

துணியை உதறி விரித்தாள். தாராளமாக மிஞ்சியது. “மிச்சத்தை வெட்டிடலாமா சார்?” என்றாள், நூலைப் பார்த்துக்கொண்டே.

ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கணவன் நீட்டிய காலை மடக்கினான்.

“ஐயையோ, வெட்டிடாதீங்க! கீழ ஒரு சாண் உள்ள மடிச்சுத் தெச்சுடுங்க. பின்னால உதவும்.”

அவர் தலை மறைந்ததும் கணவன் எழுந்து சட்டையை மாட்டினான். “ஒரு சாணாம். இதுக்கு மேல என்ன வேணும்? வாடகைக்காரர்தான், மாடி அவரு மச்சானுக்குத்தான் போகும். வாடா மாப்ள, அந்த ஊர்க்கோடி வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடலாம். அதுவும் போச்சுன்னா மெஷினை லாரியிலதான் ஏத்தி வெச்சுத் தைக்கணும்.”

அவள் மோட்டாரை முடுக்கித் தைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மடிப்பும் அவள் பிழைப்பின் மேல் போடுகிற தையலாக இருந்தது.

தைத்து முடித்ததும், தொங்கவிட்டு உயரம் சரிபார்க்க அவளே எடுத்துப் போனாள். ரேடியோவும் ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே அந்த மனிதர் ஸ்டூல் மேல் சுத்தியலோடு நின்றிருந்தார். அவர் மனைவி கையில் ஒரு சுவர்க் கடிகாரம்.

“அடிங்களேன்! எனக்குக் கை வலிக்குது.”

“இரு. ஒரு வார்த்தை கேக்காம எப்படி ஆணி அடிக்கறது?”

“யாரைக் கேக்கப் போறீங்க? போய்க் கண்ணாடி முன்னால நின்னு கேளுங்க. வீடு உங்க பேர்லதானே இருக்கு!”

தையல்காரியின் கையிலிருந்த திரைச்சீலை நழுவித் தரையில் விழுந்தது.

“வீடு... உங்களுதா சார்?”

“நல்லாக் கேளும்மா,” என்றாள் மனைவி. “வாங்கி மூணு மாசமாச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடு. மனுஷனுக்கு இன்னும் அந்த ஜென்மமே முடியலை. பைப்பு ஒழுகினா ஓனர் வரட்டும்ங்கறாரு. அந்த ஸ்கிரீனுக்கு எதுக்கு ஒரு சாண் மடிப்பு?”

“அடுத்த வீட்டு ஜன்னல் பெருசா இருந்தா?” என்றார் அவர், ஸ்டூல் மேலிருந்தபடியே.

“எந்த அடுத்த வீடு?”

அவர் சுத்தியலால் தலையைச் சொறிந்தார்.

தையல்காரி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். “ஏங்க! அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா?”

“இதோ, கையை நீட்டிட்டேன். அவரு வாங்கப் போறாரு.”

“மடக்குங்க!”

“எதை?”

“கையைங்க! கையை மடக்கிக்கிட்டு ஓடி வாங்க!”

போனை வைத்த பிறகுதான், தான் இன்னும் மாடியைக் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டாள். மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டாள். மெஷினைக்கூட மறைக்கவில்லை. “மோட்டார் மெஷின் சார். கடகடன்னு இருக்கும். சாயங்காலத்துக்கு மேல ஓட்ட மாட்டேன். ஆனா பகல்ல ஓடும்.”

அவர் இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். “எனக்கு ஓனரா இருந்து பழக்கமில்லம்மா. இப்ப நான் என்ன கேக்கணும்?”

“எத்தனை பேர்னு கேப்பாங்க. விருந்தாளி வருவாங்களான்னு. தண்ணி எவ்வளவு செலவாகும்னு...”

“ஆமா. என்னையும் கேட்டிருக்காங்க,” என்றார். முகம் சுருங்கியது.

“வாடகையைக் கேளுங்க, போதும்,” என்றாள் மனைவி.

“உன் தம்பிக்கு வேணும்னியே?”

“அவனா? மேல வந்து உக்காந்தான்னா வாடகையும் தர மாட்டான், மூணு வேளையும் சோத்துக்குக் கீழ இறங்கி வந்துடுவான். மெஷின் சத்தம் எவ்வளவோ தேவலை. சாவியை எடுங்க.”

சாவி அரிசி டப்பாவிலிருந்து புறப்பட்டு வர நேரமாயிற்று. தையல்காரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ரேடியோவைக் காணவில்லை. தெருக்கோடியிலிருந்து கணீரென்று குரல் வந்துகொண்டிருந்தது: “மாடி அவருதாம்! சொந்தமாம்! வாடகைக்காம்!”

சந்தோஷத்தில் சொல்கிறாள். ஆனால் அதைக் கேட்டவர்களுக்கும் வீடு வேண்டியிருந்தது. இஸ்திரிக்காரர் கேட்டைத் திறந்து முதலில் வந்தார். பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மனைவியோடு. அதற்குப் பின்னால் யாரோ இரண்டு பேர்.

“மாடி காலியாமே சார்? கொஞ்சம் பாக்கலாமா?”

முடியாது என்று அந்த மனிதர் எவரிடமும் சொல்லிப் பழகியதில்லை. “வாங்க... பாருங்க...” என்று இழுத்தார்.

தையல்காரி அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாளா, பிடுங்கினாளா என்று சொல்ல முடியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். பின்னால் வாத்தியாரின் ஷூ சத்தம் கேட்டது. சாவி ஒருமுறை வழுக்கியது. மறுமுறை திரும்பியது. வெறும் அறை, நல்ல வெளிச்சம். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினாள்.